வடக்குச் சன்னல்

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று ஏட்டையாவிடம் சொல்லியிருந்தேன். போட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார், பரவாயில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நான் மெதுவாகவே சொல்கிறேன், சார்.

பெயர் இனியன். வயது நாற்பத்திரண்டு. சூரமங்கலத்தில் ஒரு மாடி அறையில் நானும் அறிவுமதியும் வீடியோ கேம் செய்கிறோம். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கம்ப்யூட்டருக்குள் ஓடுவதெல்லாம் அவள் பொறுப்பு, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் என் பொறுப்பு. நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் காசு போட்டு ஆடும் பெட்டிகளில் 'இடிபூதம்' என்று ஓர் ஆட்டம் இருந்தது. பூதம் கட்டடத்தின்மேல் ஏறும், சுவரைக் குத்தும், சன்னலில் நிற்கிற ஆட்களை எடுத்து வாயில் போடும். கடைசியில் கட்டடம் சரியும். அதைத்தான் முறைப்படி அனுமதி வாங்கி, இப்போது செல்போனில் ஆடுகிறவர்களுக்குப் புதிதாகச் செய்துகொண்டிருந்தோம். மூன்று வருட வேலை.

ஆடிப் பார்த்தவர்கள், கட்டடம் அட்டைப்பெட்டி மாதிரி விழுகிறது என்று எழுதினார்கள். நியாயமான குறை. சேந்தமங்கலம் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ஜவ்வரிசி மில்லை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கேமராவோடு போனேன். பொக்லைன் ஓட்டிய மதியழகன் நிதானமான ஆள். முதல் வாரம் தெற்குப் பக்கக் குடோனில் பாதியை இடித்தார். அடித்தவுடன் சுவர் விழுந்துவிடுவதில்லை, சார். முதலில் பூச்சு உதிர்கிறது. பிறகு எதையோ யோசிப்பதுபோல ஒரு கணம் நிற்கிறது. அப்புறம்தான் இறங்குகிறது. அத்தனையும் படம் பிடித்தேன்.

பொக்லைன் வேறு வேலைக்குப் போனதால் இருபது நாள் இடிப்பு நின்றது. அதற்குள் எங்கள் கட்டடத்தை அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டேன். அதனால்தான் அடுத்த குறை பளிச்சென்று தெரிந்தது. கட்டடம் நிஜமாக இருந்தது, சன்னலில் நிற்கிற ஆள் பொம்மையாக இருந்தான். நானே பச்சைத் துணிக்கு முன்னால் நின்று பயந்து காட்டினேன். அறிவுமதி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பல்லு வலிக்கற மாதிரி இருக்குடா. விடு, யாரு அதையெல்லாம் உத்துப் பாக்கப்போறாங்க?" என்றாள். அவளுக்கு ஆட்டம் ஓடினால் போதும். எனக்கு அப்படி இல்லை.

ஆண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். மில்லின் வாட்ச்மேன், பத்தொன்பது வருடமாக. மில் மூடின பிறகும் கேட்டை ஒட்டிய அறையில் மனைவி பூவாத்தாளோடு இருந்தார். முதல் வாரம் முழுக்க என் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிவந்தவர் அவர்தான். "இடிஞ்சு உழுகறதயே புடிக்கறீங்களே சாமி, என்னையும் ஒண்ணு புடிங்க" என்று தினமும் கேட்பார். எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் கிடையாது. அதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

இடிப்பு மறுபடி தொடங்கிய அன்றைக்கு ஆண்டி எப்போது மாடிக்குப் போனார் என்று தெரியாது, பழைய இரும்பு எடுக்கப் போயிருக்கலாம் என்று முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளலாம்.

காலை பத்தரை மணி. வடக்குப் பக்கத்து ஆபீஸ் கட்டடம், மேலே ஒரு மாடி. மதியழகன் பின்பக்கத்துத் தூண்களைத் தட்டுவார், கட்டடம் முன்பக்கமாகச் சரியும். முன்பக்கத்துச் சன்னல்கள் அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் யாராவது உள்ளே போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வண்டியை நகர்த்துவார். அன்றைக்கு என்னைக் கேட்டார். ஒரு வாரம் கூடவே இருந்ததில் என்மேல் அவருக்கு நம்பிக்கை.

"ஏனுங்க, உள்ள ஆரும் இல்லீங்களே?"

"ஆருமில்லீங்க. நல்லாப் பாத்துட்டேன். இடிங்க."

நான் பார்த்தது உண்மைதான். மாடியில் ஆண்டி நின்றிருந்தார்.

முன்பக்கம் வந்து கேமராவை ஓடவிட்டேன். பயந்ததுபோல நடிக்கிறவன் முதலில் வாயைத் திறக்கிறான், சார். நிஜமாகப் பயப்படுகிறவன் வாயைத் திறப்பதில்லை. எதையாவது பிடித்துக்கொள்ளக் கையைத்தான் நீட்டுகிறான். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

விபத்து என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மதியழகன் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லாம கொள்ளாம எதுக்குங்க மேல போனாரு?" என்று என்னிடமே கேட்டார். அவரை நான்தான் தேற்றினேன்.

காரியத்துக்குப் போயிருந்தபோது பூவாத்தாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "போட்டோ புடிக்கறாங்கன்னு தலையச் சீவி, வெள்ளச் சட்டை மாத்திக்கிட்டுப் போனாருங்க. ஊட்டுல அவரு படம் ஒண்ணுகூட இல்லீங்க சாமி. புடிச்சிருந்தீங்கன்னா ஒண்ணு குடுங்க." மறுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று அறிவுமதியிடம் சொல்லி, கேமராவில் இருந்து நல்லதாக ஒன்று எடுத்துப் பிரிண்ட் போடச் சொன்னேன். படத்தின் எந்த நொடியிலிருந்து எடுக்க வேண்டும் என்று நேரத்தையும் குறித்துக் கொடுத்தேன். அவள் முழுவதையும் ஓட்டிப் பார்ப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அதற்குள் புதிய ஆள் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டான். ஆடிப் பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் அந்தச் சன்னல் ஆளைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறானாம். அதை அவளுக்குப் படித்துக் காட்டலாம் என்று போனேன். அவள் திரையை நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனியா, இவரு ஏன் உன்னப் பாத்துக் கை காட்டறாரு?"

"இறங்கி வரட்டுமான்னு கேக்கறாரு. பின்னால வண்டிச் சத்தம் கேட்டுருச்சு."

"நீ என்ன சொன்ன?"

நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. 'அங்கேயே நில்லுங்க' என்று காட்டிய என் கை, படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தது. கேமராவை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்திருக்க வேண்டும். என் கவனக்குறைவுதான்.

அவள் கம்ப்யூட்டரை அணைத்து, கேமராவின் கார்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆட்டத்தை வெளியிடமாட்டேன் என்கிறாளாம். வெளியிடச் சொல்லி மட்டும் யாராவது அவளிடம் எடுத்துச் சொன்னால் நல்லது.

ஆமாம், ஆண்டியை மேலே போகச் சொன்னது நான்தான். இன்றைக்கும் தெற்குப் பக்கம்தான் இடிக்கிறார்கள், பயமில்லை என்று சொன்னேன். மூன்று சன்னல்களில் நடுவில் இருந்ததை நான்தான் காட்டினேன், வெளிச்சம் அங்கேதான் நேராக விழுந்தது. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் கஷ்டப்படவில்லை, சார். ஃபிரேம் ஃபிரேமாக எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கடைசிவரைக்கும் அந்த முகத்தில் என்னை நம்புகிற பார்வைதான் இருக்கிறது. ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டதுபோலத் தெரிந்தது, அதை நான் வெட்டி எடுத்துவிட்டேன்.