பதினோராம் பக்கத்தில் ஒரு ‘தெளிவு’

ஹலோ... அக்கா, யாரைக் கேட்டு நம்ம கட்டுரையைத் திரும்ப வாங்கினே?... ஆமா, கணிதப் பத்திரிகைக்காரங்க இப்பதான் எனக்கும் தகவல் அனுப்பினாங்க... ஆமா, ஆமா, முதல்ல உன் பேருதான் இருக்கு. அதுக்காக? இன்னும் கால் மணி நேரத்துல எனக்கு லெக்சரர் வேலைக்கு இன்டர்வியூ! கல்லூரி வராந்தாவுல உட்கார்ந்திருக்கேன். என் விண்ணப்பத்துல உருப்படியா இருக்கிறதே அது ஒண்ணுதான். மத்தபடி போட்டோ நல்லாருக்கும், அவ்வளவுதான்...

கத்தல... சரி, கத்துறேன். பக்கத்துல இருந்தவர் ரெண்டு நாற்காலி தள்ளிப் போயிட்டார். போதுமா?...

தப்பா? என்ன தப்பு? ஹெர்மிஷியன் வடிவம்னு ஒரு நீள அளவு உள்ள வெக்டர் வெளி. அதுல எந்த நேரியல் உருமாற்றத்தையும் ரெண்டாப் பிரிக்கலாம். நீளம் மாறாமத் திருப்புறது ஒண்ணு, நீட்டிச் சுருக்குறது ஒண்ணு... தெரியும், நீளம் மைனஸ்லயும் வரலாம். அதுதானே நம்ம கட்டுரையோட புதுமையே!...

உதாரணமா? ஒண்ணே ஒண்ணு காட்டு பார்ப்போம்... ம், எழுதிக்கிறேன். முதல் எண்ணோட வர்க்கத்துல ரெண்டாவதோட வர்க்கத்தைக் கழி... சரி. ஒண்ணு-சைபர் போய் சைபர்-ரெண்டு ஆகுது... சைபர்-ஒண்ணு போய் ஒண்ணு-சைபர்... இதுல என்ன வந்துடுச்சு? நீட்டுற பாதியோட வர்க்கம் தெரிய, இணை உருமாற்றத்தோட பெருக்கினா மைனஸ் நாலு, மைனஸ் ஒண்ணு...

இரு.

இரு அக்கா, பேசாதே... இதுக்கு வர்க்கமூலம் எடுத்தா கற்பனை எண்ணுல்ல வருது? மெய்யெண்ணா இருந்தாத்தானே அது நீட்டுற பாதி...

பதினோராம் பக்கத்துல வர்க்கமூலம் இருக்குன்னு எழுதினது யாரு?... நானா?... ‘தெளிவு’ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டேனா? எனக்குப் புரியாத இடத்துல எல்லாம் நான் அதைத்தானே போடுவேன்! நீ ஏன் பார்க்கல?... நம்பிட்டியா? என்னையா? புத்தி இருக்கா உனக்கு?...

ஏய், அழாதேக்கா... சீச்சீ, நான் ஒரு கிறுக்கன்... பத்திரிகைக்குத் தப்பு யாரோடதுன்னு எழுதிக் கொடுத்தே?... ‘எங்களோடது’ன்னா? ‘தம்பியோடது’ன்னு எழுதறதுக்கென்ன?...

கூப்பிடுறாங்க... இல்ல, மழுப்பமாட்டேன். போர்டுல அந்த மைனஸ் நாலை எழுதி, இந்தத் தேற்றம் தப்பு, தப்பு பண்ணினவன் நான்தான்னு சொல்லிடுறேன்... கிடைக்கலேன்னா போகட்டும். பயப்படாதே, உன் பேரை இழுக்கமாட்டேன்...

இழுக்கணுமா? எதுக்கு?... உதாரணம் உன்னோடதுன்னு சொல்லணுமா! அடிப்பாவி... சரி, சரி, சொல்றேன்... இதோ வந்துட்டேங்கய்யா!... வை போனை.