ஊசிமலைக் கட்டுரைக்கு ஓர் ஆதாரம்

இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, சேர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம். என் மனைவி கலாராணிக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "ஒரு ரூவா வராத வேலைக்கு இம்புட்டு ரோஷமா?" என்பாள்.

நான் கெலிஓயாவில் டியூஷன் வகுப்பில் வரலாறு படிப்பிக்கிறவன். ஓய்வு நேரத்தில் அந்தக் களஞ்சியத்தில் நிறைய எழுதியிருக்கிறேன். கண்டியைப் பிடிக்க வந்து மண்ணைக் கவ்விய போர்த்துக்கேயத் தளபதிகளைப் பற்றியெல்லாம் எழுதினேன். ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிறகு பன்விலைக்கு மேலே நான் பிறந்த ஊசிமலைத் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். அப்போதுதான் எல்லாருக்கும் கண் தெரிந்தது.

எழுபதுகளில் பஞ்சம் வந்தபோது தோட்டத்துச் சனம் பூட்டிக் கிடந்த கோதுமை மாவைக் கேட்டுப் பங்களா வாசலுக்குப் போனது. தோட்டத்தை நடத்திய துரை வேட்டைத் துவக்கை எடுத்துச் சுட்டான். நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் என் பெரியப்பா பழனியாண்டி. காய்ச்சலில் செத்ததாகப் பதிந்து புதைத்துவிட்டார்கள். ஒரு பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. அதைக் கண்ணால் கண்டவர்களில் உயிரோடு இருந்தவர் சுப்பம்மா ஒருவர்தான். அன்று அவர் சின்னப் பெண். முழங்காலில் குண்டு பாய்ந்து, அதன் பிறகு கைத்தடி இல்லாமல் ஓரடி வைக்க முடியாமல் போனவர்.

கட்டுரையைப் போட்ட சில நாளில் அதன் தலையில் ஓர் அறிவித்தல் ஏறியது. இது களஞ்சியத்தில் இடம்பெறத் தக்கதா, நீக்கலாமா என்று எல்லாரும் பேசி முடிவெடுக்க வேண்டுமாம். ஏற்றியவர் நவரட்ணராஜா. பேராதனையில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவர். நேரில் பேசினால் புரியும் என்று வீட்டுக்கே போனேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"தம்பி கணேஸ், நான் உங்கட கதையை நம்பிறன். ஆனா நான் நம்பிறது இங்க கணக்கில்ல. அச்சில வந்ததோ எண்டுதான் கேக்கிறம்."

"சுப்பம்மாக்கா உயிரோட இருக்காங்க, சேர். வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

"அது வாய்ச்சொல்லெல்லோ. அதை வச்சு ஒண்டும் செய்யேலாது."

சுட்டவனே தன் செலவில் பத்திரிகையில் போடுவான் என்று எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன், சேர். அந்தப் பிஸ்கட்டை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

சுப்பம்மாவிடம் போய்ச் சொன்னேன். சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றித் தழும்பைக் காட்டினார். "இது எந்தப் பேப்பர்ல அடிச்சதுன்னு அந்த ஐயாகிட்டக் கேளு, தம்பி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்டியில் நபீல் என்று ஒரு நிருபர் எனக்குப் பழக்கம். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். "பழைய கத தானே. இப்ப ஏதாச்சும் நடந்தா சொல்லுங்க, போடுவம்" என்றார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் தீப்பிடித்தால் போடுவீர்களா என்று கேட்டேன். லயம் அடிக்கடி எரியுது, ஆள் மௌத்தானாத்தான், உசிரு போனாத்தான் செய்தி என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. தொழில் எப்படி நடக்கிறதோ அதைத்தான் சொன்னார்.

ஆகவே ஏதாவது நடக்க வேண்டியிருந்தது.

தோட்டத்துக் கோயிலில் தேர் இழுக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தேன். பட்டப்பகல், லயத்தில் ஒரு குஞ்சும் இருக்காது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: மற்ற எவருக்கும் தீங்கு வந்துவிடக்கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தேன். முதல் நாளே சுப்பம்மாவின் படத்தையும் அவர் சொன்ன வரலாற்றையும் நபீலுக்கும் வேறு இரண்டு பத்திரிகைகளுக்கும் அனுப்பி வைத்தேன். கடைசி நேரத்தில் அவர்கள் படத்துக்கு அலையக்கூடாது அல்லவா.

தேர் பார்க்க நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்த சுப்பம்மாவுக்குக் கோயில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டார். "கட்டுரை என்னாச்சு, தம்பி?" என்று கேட்டார். இனி அழியாமல் நிலைத்துவிடும் என்றேன். நல்லாருப்பே என்று என் கன்னத்தைத் தடவினார். வெளியே வரும்போது கைத்தடியை எடுத்துக்கொண்டேன். கதவை வெளியே கொக்கி போட்டுக் கொளுவினேன். பக்கத்துக் காம்பரா ஆளில்லாத அறை, அதில் விறகு அடுக்கியிருந்தது. அங்கே பற்ற வைத்தேன்.

அவர் என்னைக் கூப்பிட்டார். துரையையோ சாமியையோ அல்ல, என்னைத்தான்.

மூன்று பத்திரிகைகளிலும் வந்தது. நபீல் அரைப் பக்கம் போட்டிருந்தார். மின்கசிவு என்று எழுதி, கீழே துப்பாக்கிச் சூட்டின் கதை முழுவதையும் கொடுத்திருந்தார். உயிரோடு இருந்தபோது வாய்ச்சொல்லாக இருந்ததெல்லாம் செத்த மறுநாள் அச்சாகிவிட்டது. நவரட்ணராஜா தாமே களஞ்சியத்தில் வந்து, கட்டுரையை 'வைத்திருக்கலாம்' என்று எழுதினார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் அதே மனிதர் மறுபடியும் அறிவித்தலை ஏற்றியிருக்கிறார். மூன்று செய்தியும் ஒரே ஆளிடமிருந்து போனவையாம். சுயாதீனமான ஆதாரம் ஆகாதாம். படித்தவுடன் போனைச் சுவரில் அடித்தேன். ஒரு மனுஷியின் உயிர் போயிருக்கிறது, இன்னும் ஆதாரம் கேட்கிறார்கள். மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா, சேர்?

அதனால்தான் நானே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். நீங்கள் யாரும் என்னைத் தேடவில்லை. இந்த வாக்குமூலம் நீதிமன்றத்துக்குப் போகும். ஏன் செய்தாய் என்று நீதவான் கேட்பார். தீர்ப்பில் ஊசிமலை வரும், நான்கு பேருடைய பெயரும் வரும். தீர்ப்பை ஆதாரமில்லை என்று எந்த நவரட்ணராஜாவாலும் தள்ள முடியாது. ஆகையால் என் கதையைச் சுருக்கினாலும் பரவாயில்லை, துவக்குச் சூட்டை மட்டும் சுருக்காதீர்கள்.

இங்கே வருமுன் கட்டுரையில் ஒரேயொரு திருத்தம் செய்தேன். துரையால் கொல்லப்பட்டோர் நான்கு பேர் என்றிருந்ததை ஐந்து என்று மாற்றி, சுப்பம்மாவின் பெயரையும் சேர்த்துவிட்டேன்.