மூலை வெட்டிய தபால்தலை

வெயிலில் அலைகிற தபால்காரனுக்கு யாராவது மோர் கொடுத்தால் மறுக்கக் கூடாது. கொடுப்பவருக்கும் அது புண்ணியம். மதுரை காளவாசல் பக்கம் கனகலட்சுமி அம்மா எட்டு வருடம் எனக்கு மோர் கொடுத்தார். நீங்கள் கேட்பது அவர் மகன் ராஜேஷ்குமாரைப் பற்றித்தானே ஐயா. சொல்கிறேன்.

நாங்கள் கல்லூரித் தோழர்கள். அவன் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. சுங்குடிச் சேலைக் கடை. நான் அலங்காநல்லூர் விவசாயி மகன். தொண்ணூற்று நான்கில் அவர்கள் சாயப்பட்டறையில் நான்கு பாட்டுகளைக் கேசட்டில் பதிவு செய்தோம். நார்வேயில் அப்போது புதிதாகக் கிளம்பியிருந்த பிளாக் மெட்டல் என்ற இசை. வேகமும் அலறலுமாக இருக்கும். சாத்தான் பாட்டு என்பார்கள். நான் திருநீறு பூசிக்கொண்டுதான் டிரம்ஸ் வாசித்தேன். அவன் கிடார் வாசித்துப் பாடினான்.

கேசட் அட்டையில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

“அட்டை எம்புட்டுண்டு இருக்கு பாரு மாப்ள. உன் பேரை எங்கிட்டு எழுதுறது?” என்றான்.

மன்னித்துவிட்டேன்.

நார்வேயில் எய்னார் என்பவருக்குக் கேசட்டை அனுப்பினான். அந்த இசையை முதலில் வாசித்த சிலரில் ஒருவர். அவரும் டிரம்ஸ்காரர். பின்னால் வந்தவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வந்தன. அவர் பெயரை யாரும் அச்சிடவில்லை. அவர் எழுதிய முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தார்: டிரம்ஸ் வாசித்தவர் யார்? பெயர் இல்லையே?

“டிரம்ஸ் வாசிச்சது மிஷின்னு எழுதிட்டேன் மாப்ள. அலங்காநல்லூர்க்காரன்னா நம்பவா போறான்? கோவிச்சுக்காத,” என்று ராஜேஷ் சிரித்தான்.

கோபிக்கவில்லை. சில மாதங்களில் எனக்குத் தபால்காரர் வேலை கிடைத்தது. அவன் தெருவும் என் பகுதியில் வந்தது. கடவுள் செயல்.

எய்னாரின் அடுத்த கடிதம் என் கையில்தான் வந்தது. பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிடச் சம்மதம் கேட்டிருந்தார். அதை டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அடுத்தவர் கடிதத்தைக் கிழிப்பது பாவம். பதிலாக அவர் கையெழுத்தில் நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன்: இசைத்தட்டு வரும், பொறுத்திரு, அதுவரை வேறு யாருக்கும் வாசிக்காதே.

கேசட் பரிமாறுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தபால்தலைமேல் சோப்பைத் தடவி அனுப்புவார்கள். கழுவினால் முத்திரை மை போய்விடும். அந்தத் தபால்தலையைத் திருப்பி அனுப்பினால் மறுபடி ஒட்டலாம். ராஜேஷும் ஒவ்வொரு பதிலோடும் நார்வே தபால்தலைகளைத் திருப்பி வைப்பான். “நீயே போட்டுரு மாப்ள, உனக்குக் கைராசி,” என்று என்னிடமே கொடுப்பான். நான் அவற்றைக் கழுவி, அடுத்த கடிதத்தில் ஒட்டி, முத்திரையை மங்கலாகக் குத்துவேன். ஒன்றின் மூலையை ஆரம்பத்திலேயே கத்தரித்து வைத்தேன். கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமல்லவா. அந்தத் தலை ஒன்பது வருடமாகக் காளவாசலைத் தாண்டவில்லை.

தொண்ணூற்றெட்டில் எய்னாரின் தங்கை எழுதினாள். அவர் இறந்துவிட்டார், கடைசி நாட்களில் எங்கள் கேசட்டைத்தான் கேட்டாராம். அன்று அவருக்காகக் கோயிலில் விளக்கேற்றினேன். மறுவாரம் அவர் பெயரில் ராஜேஷுக்கு எழுதினேன்: உன்னை இங்கே அழைத்துக்கொள்கிறேன், வேலை, கல்யாணம் என்று மாட்டிக்கொள்ளாதே.

சென்னையில் கிடைத்த வேலையை விட்டான். பார்த்து வைத்த பெண்ணை வேண்டாம் என்றான். கடை தம்பி கைக்குப் போனது. வெளிநாட்டுத் தபால் சனிக்கிழமைதான் வரும் என்று நான் சொல்லியிருந்ததால், சனிக்கிழமைகளில் காலையிலிருந்து வாசலில் நிற்பான்.

“முப்பது ஆகப்போகுதுப்பா,” என்றார் கனகலட்சுமி அம்மா, மோர் டம்ளரை நீட்டி. “நீ சொன்னா கேப்பான். அந்த வெள்ளக்காரனை மறக்கச் சொல்லேன்.”

“நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாதும்மா,” என்றேன்.

போன ஆடியில் அவர் இறந்தார். பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன்.

என் டிரங்குப் பெட்டியைச் சோதித்து நீங்கள் எடுத்த பதினொரு கடிதங்கள் உண்மையானவை. அவனிடம் இருப்பவற்றில் முதல் கடிதம் தவிர மற்ற எண்பத்து மூன்றும் நான் எழுதியவை. ஒப்புக்கொள்கிறேன். ஒன்றில்கூடக் கடுஞ்சொல் கிடையாது. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: அந்த டிரம்ஸ் உண்மையிலேயே மிஷின்தானா? ஒவ்வொரு தடவையும் ‘ஆமாம், மிஷின்தான்’ என்று எழுதினான். ஒரு தடவை முத்துக்குமரன் என்று என் பெயரை எழுதியிருந்தால் அன்றோடு நிறுத்தியிருப்பேன்.

இன்று சனிக்கிழமை. இந்த வாரக் கடிதம் என் பையில் இருக்கிறது. யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் ஐயா. ஒரு மனிதனை வெயிலில் காக்க வைப்பது பாவம்.