நான்காவது மாடிக் கதவு

எங்கள் தொழிலில் நாற்காலி மிகவும் முக்கியம். சாய்ந்து உட்கார முடிந்தால்தான் எதிரில் இருப்பவருக்கு வாய் திறக்கும். உங்கள் அலுவலகத்தில் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. பரவாயில்லை, நான் யாரும் கேட்காமலே பேசுகிறவள்.

வெளியே பெஞ்சில் லிஃப்ட்காரரை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர். மருந்து தர மாட்டேன். ஒருவர் மனதில் ஓடும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பேன். பிறகு அந்த எண்ணம் பொய் என்பதை அவரே கண்டுகொள்ள ஒரு சின்னப் பரிசோதனை வைப்பேன். வெறும் பயம் என்றால் சீக்கிரம் பலிக்கும். ஆளுமைக் கோளாறு உள்ளவர்கள்தான் தண்ணி காட்டுவார்கள். தங்களிடம் கோளாறு இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றாது. அது ஊரில் மற்ற எல்லாருக்கும் இருக்கிறது.

லிஃப்ட்காரர் அந்த ரகம். முதல் நாளே என் சுவர்க் கடிகாரத்தை நேராக்கினார். வீட்டில் எழுதி வரச் சொல்லி நான் கொடுத்த தாளில் கோடுகள் கோணல் என்று, ஸ்கேல் வைத்துப் புதிதாகக் கோடு போட்டு, ஒரு வரிகூட எழுதாமல் கொண்டுவந்தார். அவரை இழுத்து வந்தது அவர் மனைவி.

"மேடம், வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினா தெருமுனையிலேருந்து திரும்பி வருவாரு. சரி, பூட்டை ஆட்டிப் பார்க்கட்டும். என்னையும் ஆட்டிப் பார்க்கச் சொல்றாரு."

"ரெண்டு பேர் பார்த்தா நல்லதுதானே," என்றார் அவர்.

"நல்லவேளை, ராத்திரி பிள்ளைங்களை எண்ணிப் பார்க்காம விட்டீங்க."

"எண்ணுவேன். நீ அப்போ தூங்கிடுவே."

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மெல்ல மெல்லத்தான் போனோம். செருப்பைக் கோணலாக விட்டுவிட்டு வரச் சொன்னேன். வந்தார், வேர்த்துப் போய். வீட்டுப் பூட்டை ஆட்டாமல் கிளம்பச் சொன்னேன், கிளம்பினார். "தோன்றுவதெல்லாம் உண்மை இல்லை" என்று என்னோடு சேர்ந்து சொல்லப் பழகினார். மனைவி போனில் அழுதாள், சந்தோஷத்தில்.

மிச்சம் இருந்தது எங்கள் கட்டடத்து லிஃப்ட். அதைப் பழுது பார்த்துப் பராமரிப்பதும் அவர்தான். பழைய லிஃப்ட், கையால் இழுத்துத் திறக்கும் கதவு. நான்காவது மாடியில், எங்கள் கிளினிக் வாசலில், கதவின் பூட்டு தேய்ந்துவிட்டது என்றார். லிஃப்ட் கீழே நிற்கும்போதுகூட இங்கே கதவு திறந்துகொள்ளுமாம். புதுப் பூட்டு வரும்வரை தினமும் காலையில் வந்து முடுக்கிவிட்டுப் போகிறாராம்.

ஆதாரம் கேட்டேன். என்னைக் கூட்டிப் போய் ஒற்றை விரலால் கதவை இழுத்தார். திறந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. எண்ணெய் வாசனையோடு கீழிருந்து காற்று வந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

"இதுல யாராவது விழுந்திருக்காங்களா?"

"இல்ல மேடம்."

"அப்போ இது எண்ணமா, ஆதாரமா?"

"ஒரு தடவை போதும் மேடம்."

ஒரு தடவை போதும். அவருடைய நோயை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

எங்கள் பெரிய டாக்டருக்கு இந்தச் சிகிச்சையில் நம்பிக்கை இல்லை. கிளினிக் அவருடையது. முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, போனில் எதையாவது படித்துக்கொண்டேதான் நடப்பார். நல்ல மனுஷி. ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அது அவரோட சுபாவம்மா. அதை மாத்த முடியாது. இந்த மாசத்தோட அவரை எங்கிட்ட அனுப்பிடு. மாத்திரை குடுத்துத் தூங்க வைக்கலாம்." பிறகு, சிரித்தபடி: "உனக்குத் தோக்கத் தெரியல. அதையும் கொஞ்சம் கவனி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆகவே மாதம் முடிவதற்குள் கடைசிப் பரிசோதனையை வைத்தாக வேண்டியிருந்தது. குடும்பத்தோடு சில நாள் கடற்கரை ஊர் எதற்காவது போய்விட்டு வாருங்கள், அதுவரை லிஃப்ட் பக்கம் திரும்பக் கூடாது, வேறு எந்த ஏற்பாடும் செய்யக் கூடாது என்றேன். "சரி மேடம்," என்றார்.

மறுநாள் காலை நான் வந்தபோது லிஃப்டில் ஓர் அட்டை தொங்கியது. 'பழுது. யாரும் உபயோகிக்க வேண்டாம்.' மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஊன்றுகோலை ஒளித்து வைத்துக்கொண்டு நடக்கப் பழகுகிறேன் என்கிறார். அது இருக்கும்வரை அவர் எதைக் கற்றுக்கொள்ள முடியும்? இதற்கு எங்கள் பாடத்தில் தெளிவான பதில் உண்டு: ஊன்றுகோலை எடுத்துவிட வேண்டும்.

அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று அவரே எனக்கு விளக்கியிருந்தார். லிஃப்டைத் தவிர வேறெதையும் அவர் பேச மாட்டார். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"ரிப்பேர்னு மாட்டிட்டுப் போனாரே மேடம்?"

"சரியாயிடுச்சுண்ணே."

லிஃப்ட்காரர் ஊரிலிருந்து வந்ததும் எதிரில் உட்கார வைத்து, "நீங்க போனதிலேருந்து லிஃப்ட் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்று சொல்வதாகத் திட்டம். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. பெரிய டாக்டரையும் அப்போது அறைக்குள் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன்.

நான் படியில்தான் ஏறி இறங்கினேன். உடம்புக்கு நல்லது.

லிஃப்ட்காரர் போன் செய்தார். பின்னால் அலைச் சத்தம், பிள்ளைகள் கத்துவது.

"மேடம், மனசு கேக்கல. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயிடட்டுமா?"

"வந்தா இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்."

"சரி மேடம். தோணுறதெல்லாம் உண்மை இல்ல."

"அவ்வளவுதான். போய்த் தண்ணில நில்லுங்க."

அன்று மாலை பெரிய டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினார். கையில் போன். நான் வாசலில்தான் நின்றேன். அவர் கதவை நோக்கிப் போவதைப் பார்த்தேன். கூப்பிட நேரம் இருந்தது. ஆனால் நடுவில் புகுந்தால் பரிசோதனை கெட்டுவிடும். கதவு எளிதாகத் திறந்தது.

பெரிய டாக்டர் இறந்த செய்தி கேட்டதும் லிஃப்ட்காரர் முதல் பஸ் பிடித்து, நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். சற்று முன் அவர் உங்களிடம் சொன்னது கதவு வழியாக எனக்கும் கேட்டது. "போர்டு மாட்டினேன்னு தோணுது சார். ஸ்விட்சை அணைச்ச மாதிரியும் தோணுது. ஆனா தோணுறதெல்லாம் உண்மை இல்லையே. எல்லாம் என் தப்புதான்."

இதற்காகத்தான் வந்தேன். எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொள்வது எண்ணப் பிழை. அதை அப்படியே விடக் கூடாது. அதற்கு எதிரான ஆதாரம் இதோ, இந்த அட்டை. அவர் மாட்டினார், நான் கழற்றினேன். அவர் அணைத்தார், நான் போட்டேன். கதவு திறக்கும் என்று எனக்குத் தெரியும்.

இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவருக்கு ஒதுக்கிய நேரத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை என்றும் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டார். இப்போது விட்டால் பழையபடி அந்தப் பூட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.