குழாய் முனையில் வந்த மூச்சு

விளக்கைப் போடாதே, சொல்கிறேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை. என் நண்பனின் அண்ணி தனியாக நடந்து போகிறார்.

அங்கே அவருக்கு என்ன வேலை என்றால்... உலோகத்தையும் கரிமப் பொருளையும் கோத்து, தேன்கூடு மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உள்ள ஒரு பொடி செய்வது. அதில் மின்சாரம் பாய்ச்சினால் கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடாக மாறும். வாசனையே கிடையாது. ஆளைக் கொன்றுவிடும்.

அதனால் வாயுவை வெளியேற்றும் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்தக் காற்றில் தராசு ஆடுகிறதாம், பொடியை நிறுக்க முடியவில்லையாம். ஒருநாள் அண்ணியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் விசிறியை அணைத்தார். திரும்பப் போடாமல் போய்விட்டார். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த, சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும், அண்ணிக்கு மூத்த மாணவன் மேஜையிலேயே சாய்ந்து செத்துப் போனான். "உங்க பையன்தான் ஃபேன் போட மறந்துட்டான்" என்று பெற்றவள் முகத்துக்கு நேரே சொன்னார் அந்த மனுஷன். இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. விசிறியை அவர் அணைத்தது தெரிந்தும், பட்டம் போய்விடுமே என்று அண்ணி வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி போய்க் கதவைத் திறந்தால்... குளுக். கொஞ்ச நேரம் கழித்து... குளுக். கண்ணாடிக் கலத்தில் குமிழி வருகிறது. அதற்குள் வாயுவை அனுப்பும் சிலிண்டரோ மூடியிருக்கிறது. கலத்திலிருந்து வந்து சிலிண்டரில் மாட்ட வேண்டிய குழாயின் முனை சுருட்டையின் காலி நாற்காலிப் பக்கம் தொங்குகிறது. அண்ணி அதைக் கன்னத்தருகே கொண்டுபோனார். யாரோ அதற்குள் ஊதுகிற மாதிரி சூடான காற்று. சுருட்டை எந்நேரமும் குடிக்கும் காபியின் வாசனை.

பின்னாலேயே பேராசிரியர் வந்தார். "சிலிண்டரைத் திறக்காம என்னம்மா விளையாட்டு?"

அண்ணிக்கு அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததோ! "சுருட்டை அண்ணன் மறக்கல சார். ஃபேனை அணைச்சது நீங்க. அவங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க."

குமிழி நின்றது.

"செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போறானா? உன் படிப்பைப் பாரு" என்று சிரித்தார்.

குளுக்.

இப்போது பேராசிரியரின் நெஞ்சு இறங்கும்போதெல்லாம் ஒரு குமிழி. மூச்சை அடக்கிப் பார்த்தார். குமிழியும் நின்றது. விட்டார்... வந்தது. முகம் வெளுத்து வெளியே ஓடினார். வராந்தாவில் தடதடவென்று செருப்புச் சத்தம். கலத்தில் குளுக், குளுக், குளுக்...

அண்ணி குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்தார். செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

உடனே விரலை எடுத்துவிட்டதாகத்தான் அண்ணி சொல்கிறார்.