வறண்ட கண்மாயில் எட்டுத் தடம்

எனக்கும் நீச்சல் தெரியாது, இன்ஸ்பெக்டர் சார். அதை நான் எந்தக் கூட்டத்திலும் மறைத்ததில்லை. நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் இருந்து பொது மேலாளராக ஓய்வு பெற்றேன். அங்கேயும் எனக்கு நூற்கத் தெரியாது. நிர்வாகம் தெரிந்தால் போதும்.

ஓய்வுக்குப் பிறகு வட்டார நீச்சல் கழகத்துக்குச் செயலாளரானேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை நீந்துகிற ஆழத்துக்குத் தண்ணீர் இல்லாததால் அந்தப் பதவிக்குப் போட்டியில்லை. ஆறே மாதத்தில் நாற்பது பேரைச் சேர்த்தேன். பரளச்சிப் பக்கம் வறண்டு கிடந்த கண்மாயில் சுண்ணாம்புக் கோடு போட்டு எட்டுத் தடம் பிரித்தேன். பெஞ்சில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் வீசுவார்கள். நாற்பது வீச்சுக்கு ஐம்பது மீட்டர் என்று நானே நிர்ணயித்தேன்.

எல்லோரிலும் வேகம் வேணிதான். நெசவாளி திம்மையாவின் மகள், பத்தொன்பது வயது. அவளுடைய நேரத்தை மேலே அனுப்பினேன். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள்.

திம்மையா வீட்டுக்கு வந்தார். "சார், பிள்ள முழங்கால் தண்ணியிலகூட நின்னதில்ல. ஒருக்கா மதுரைக்குக் கூட்டிப்போயி எறக்கிப் பாத்துருவமா?"

"அங்க நேரம் சரியா வரலேன்னா பிள்ள மனசு ஒடஞ்சிரும்யா."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சர்ட்டிபிகேட்டு இருந்தா போலீசு வேலைக்கு ஆகும்னாக," என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

போட்டியன்று வேணி நீச்சல் குளத்தின் விளிம்பில் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அடி தெரியல சார். நான் எறங்கல."

"பேரு குடுத்தாச்சும்மா. கண்மாயில செஞ்சத இங்க செய்யி. அவ்வளவுதான்."

மரியாதை தெரிந்த பெண். விசில் ஊதியதும் குதித்தாள்.

மற்ற ஏழு பேரும் நீந்திப் போய்விட்டார்கள். கூட்டம் அவர்களைப் பார்த்தே கத்தியது. உயிர்காப்பாளர் மாரிக்கண்ணன் மட்டும் அவளைக் கவனித்துவிட்டு ஓடிவந்தார். நான் குறுக்கே நின்று என் அடையாள அட்டையைக் காட்டினேன். வெளியாள் தொட்டால் வீராங்கனை தகுதி இழப்பார் என்பது விதி. மூச்சடக்கி அடியிலேயே போவது எங்கள் பக்கத்துப் பயிற்சி என்று விளக்கினேன்.

"கையத் தூக்கிக் கூப்பிடுதே சார் அந்தப் பொண்ணு."

"அதுதாம்ப்பா எங்க வீச்சு," என்றேன்.

பாவம், நம்பிவிட்டார். பிறகு கை தெரியவில்லை. மறுபடியும் அவர் நகர்ந்தபோது சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நிமிடம் இருக்கும். அவள் மூழ்குவது எனக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திம்மையா வெளியே உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். அவருக்கு யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்களாவது சொல்லுங்கள் சார். போட்டி முடியும்வரை அவர் மகளை ஒருவரும் தொடவில்லை. அவள் தகுதி இழக்கவே இல்லை.