எந்திரிக்காத கட்டை

பேத்துப்பாறை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு மியூசிக் டீச்சரும், அதே பள்ளியின் சமையல்கார அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பியானோவுல ஒரு கட்டை மாட்டிக்கிட்டு நேத்து என் மானமே போகப் பாத்துச்சுக்கா.”

“என்ன டீச்சர் சொல்றீங்க?”

“வகுப்புல பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்ட டெக்னோ டான்ஸ் மியூசிக் மாதிரி ஒண்ணு எழுதியிருந்தேன். இடது கை ஒரே கட்டையை தம் தம்னு அடிச்சுக்கிட்டே இருக்கணும். பாதியில அந்தக் கட்டை, மழை ஈரத்துல ஊறிப்போய், அமுங்குனது எந்திரிக்கவே இல்ல. நான் அடிக்கிறேன், சத்தம் வரல. உசுரே போச்சு.”

“அப்புறம்?”

“அந்தச் சத்தம் வரவேண்டிய எடத்துல பிள்ளைங்க எல்லாம் தரையில மிதிச்சுதுங்க. கடைசி வரைக்கும் தப்பவே இல்ல. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.”

“அதானா! அடுப்படியில தட்டெல்லாம் அதிரவும், பூகம்பம்னு நெனச்சு நான் அடுப்பையே அணைச்சுட்டேன். சரி, வெரசா ஆளக் கூப்பிட்டுச் சரிபண்ணுங்க.”

“வேணாங்க்கா. பிள்ளைங்க காலுக்குச் சோலி இல்லாமப் போயிரும்.”